பேச்சு நின்ற பஸ்

அந்த ஒன்பது நாளும் என் பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். மாதனூரைச் சுற்றியுள்ள ஊர்களில் காலை ஆறரை மணிக்குத் தொடங்கி, நாற்பத்திரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு, எட்டு மணிக்குள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி வாசலில் இறக்கிவிடுவது என் வேலை. சாயந்திரம் அதே பெண்களைத் திரும்பக் கொண்டுவந்து அவரவர் ஊரில் விடுவேன். பன்னிரண்டு வருடமாக அதே தடம், அதே நிறுத்தங்கள். வண்டி கிளம்பி முதல் வேகத்தடை தாண்டுவதற்குள் சத்தம் தொடங்கிவிடும். மாமியார் சங்கதி, சூப்பர்வைசர் சங்கதி, நேற்றைய சீரியல், இன்றைய குழம்பு, யார் யாரோடு பேச்சை விட்டார்கள் என்பது எல்லாம். நான் எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்கவில்லை. அதற்கு மேல் படித்ததெல்லாம் அந்த வண்டியில் காதில் விழுந்ததுதான். யாராவது ருசியாக ஒன்று சொல்லிவிட்டால், டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். "எங்க வூட்டு ஆளு கோவம் குக்கர் மாதிரி, மூணு விசில் வந்ததும் எறக்கி வெச்சுடணும், நாலாவதுக்கு நின்னா அடி பிடிச்சுடும்" என்று ஒரு பெண் சொன்னது இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தச் சத்தம் நின்றுபோனதற்குக் காரணம் என் வயிறு.

ஒருநாள் ஸ்டெப்னி டயரைத் தனியாகத் தூக்கினேன். இடது அடிவயிற்றில் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் அங்கே எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டது. நின்றால் வரும், படுத்தால் உள்ளே போய்விடும். ஹெர்னியா என்றார்கள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். காலையில் உள்ளே போனேன், மறுநாள் மத்தியானம் வீட்டில் ரசம் சோறு சாப்பிட்டேன். அவ்வளவு சின்ன ஆபரேஷன்.

தையலைப் பார்க்கப் போன அன்று டாக்டரம்மா கேட்டார்.

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

"உக்காந்து பாக்கற வேலைதான் மேடம்."

"வெயிட் தூக்கற வேலை இருக்கா?"

"இல்லீங்க."

"அப்போ மூணு வாரத்துல போகலாம். ஆனா அசதி இருக்கும். தையல் ஆறின மாதிரி உடம்பு அவ்வளவு சீக்கிரம் ஆறாது. டூவீலர் மட்டும் இப்போதைக்கு எடுக்காதீங்க."

"என்கிட்ட டூவீலரே இல்ல மேடம்."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. உட்கார்ந்துதான் வேலை. என்னிடம் டூவீலர் கிடையாது. உண்மையை மட்டுமே அடுக்கி வைத்து ஒரு பொய்யைக் கட்டலாம் என்பதை அன்றைக்குத்தான் செய்து பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி வராந்தாவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பஸ்ஸுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னாயா?"

"சொன்னா ரெண்டு மாசம்னுவாங்க."

"அப்ப ரெண்டு மாசம்தான் சரின்னு உனக்கே தெரியுது."

 எனக்கும் ஒரு காரணம் இருந்தது. எனக்குப் பதிலாக வண்டி எடுத்த ஆள் பறக்கிறான் என்று பஸ்ஸிலிருந்து தினமும் போன் வந்தது. "எப்பண்ணா வருவ, இவன் வேகத்துக்கு எங்க டிபன் டப்பால சாம்பார் நிக்க மாட்டேங்குது" என்றாள் ஒருத்தி. இன்னொரு பக்கம் கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்சார்ஜ், "ஓனர் அந்தப் புது ஆளையே வெச்சுக்கலாமான்னு கேக்கறாருய்யா, நான்தான் உனக்காகச் சமாளிச்சுக்கினு இருக்கேன்" என்றார். இரண்டு போனும் ஒரே நாளில் வந்தன. இருபத்திரண்டாவது நாள் காலையில் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் பெண்கள் ஏற ஏற ஒரே கும்மாளம். எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்காரும் அக்கா வரும் வரைக்கும்தான். அந்த அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐம்பதைத் தாண்டியவர். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தில் தையல் விட்டிருக்கிறதா, ஜோடி சேர்கிறதா என்று பார்க்கும் செக்கர் வேலை. வண்டியிலேயே பெரிய குரல் அவருடையதுதான். பின்சீட்டில் இருப்பவளோடு பேச அவர் எழுந்து போகமாட்டார், குரலை அனுப்பிவிடுவார். கம்பெனி ஆண்டு விழாவில், வருடம் முழுவதும் ஒருநாள்கூட லேட்டாக வராதவர்களுக்கு எவர்சில்வர் குடம் கொடுப்பார்கள். அக்காவின் வீட்டு அலமாரியில் பத்துக் குடம் வரிசையாக இருக்கிறது. பதினொன்றாவதுக்கு இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தார்.

அவர் ஏறினார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பி வண்டிக்குள் பார்த்தார்.

"ஏய், வாயை மூடுங்கடீ எல்லாரும். தம்பி வயித்தை அறுத்துக்கினு வந்திருக்கு. உங்க கூச்சல்ல தையல் பிச்சுக்கும். இன்னும் ஒரு மாசத்துக்கு இந்த வண்டில யாரும் பேசக் கூடாது, சொல்லிட்டேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். நாற்பத்திரண்டு பெண்களும் எனக்காக வாயை மூடிக்கொண்டார்கள். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். அன்றைக்கு என் கண் கலங்கியது நிஜம்.

மூன்றாம் நாள்தான் தெரிந்தது, நான் பன்னிரண்டு வருடமாக வண்டி ஓட்டியது அந்தச் சத்தத்தில் சாய்ந்துகொண்டு என்று.

அசதி என்றால் எனக்குத் தெரிந்தது உழைத்த அசதி. படுத்தால் போய்விடும். இது வேறு. வீட்டில் மூன்று பேஸ் கரண்டில் ஒன்று மட்டும் போனால் எப்படி இருக்கும்? லைட் எரியும், ஃபேன் சுற்றும், மோட்டார் மட்டும் ஓடாது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குக் கரண்ட் இருக்கிற வீடு. அப்படித்தான் இருந்தேன். சிரித்தேன், கியர் போட்டேன், வணக்கம் சொன்னேன். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் இடது அடிவயிற்றில் ஒரு ஊசி இறங்கும். அதை நான் உள்ளூர வரவேற்றேன். அந்த ஊசிதான் என்னை விழிப்பாக வைத்திருந்தது. ஊருக்குள் நிறுத்தி நிறுத்தி எடுக்கும் வரை ஒன்றும் இல்லை. ஹைவேயில் ஏறி டாப் கியர் போட்டபிறகு கிளட்சுக்கு வேலை இல்லை. ஆம்பூரை நோக்கிப் போகும்போது காலை வெயில் முதுகுப் பக்கமிருந்து வந்து, பிடரியில் ஒத்தடம் கொடுத்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பின்னால் நாற்பத்திரண்டு பேர் மூச்சு விடும் சத்தம் மட்டும்.

பாட்டுப் போடலாம் என்றால், புது ஆள் போகும்போது பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ரேடியோவைத் திருகினேன். அக்கா கை நீட்டி அணைத்துவிட்டார். "வேணாம் தம்பி. எங்களுக்காக நீ சிரமப்படாத."

கிராம்பு கடித்தேன். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டேன். தொடையைக் கிள்ளிக்கொண்டதில் நீலம் பாய்ந்துவிட்டது. கம்பெனி வாசலில் இறக்கிவிட்டபிறகு பகல் முழுக்க வண்டியிலேயே கடைசி சீட்டில் படுத்துத் தூங்குவேன். எழுந்தால் தூங்கிய சுவடே இருக்காது. வீட்டில் என் மனைவி, "போன் பேட்டரி பழசானா அப்படித்தான்யா. எழுபதுன்னு காட்டும், எடுத்து ரெண்டு வார்த்தை பேசினா அஞ்சுக்கு எறங்கிடும். உன் ஒடம்பு காட்டற எழுபதை நீ நம்பாத" என்றாள். அதையும் எழுதி வைத்துக்கொண்டேன். எழுதி வைத்தேனே தவிர, கேட்கவில்லை.

பேசுங்கள், இல்லாவிட்டால் தூங்கிவிடுவேன் என்று அவர்களிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தினமும் காலையில் எழுந்ததும் இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைப்பேன். முதல் பெண் படியேறி, செருப்புச் சத்தம்கூட வராமல் நடந்துபோய் உட்காருவாள். நான் கியரைப் போட்டுவிடுவேன். ஒரு டிரைவர் தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவன் வண்டியில் யார் கண்ணை மூடுவார்கள்? விஷயம் இன்சார்ஜ் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

ஆறாம் நாள் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மூன்று பேர் கை காட்டிக்கொண்டு நின்றார்களாம். நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதுகூடச் சரியில்லை, அந்த நிறுத்தமே என் கண்ணுக்குள் வரவில்லை. வண்டிக்குள் இருந்தவர்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படி? "அண்ணா... ஸ்டாப்பு..." என்று காதோரம் ரகசியம் சொல்வது போல. எனக்கு நோகக் கூடாது என்று. கடைசியில் அக்கா தோளைத் தொட்டார். பிரேக் போட்டேன். மூன்று பேரும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். அதில் ஒருத்தி படியில் நின்று, "ஆபரேஷன் வயித்துலயா கண்ணுலயா?" என்றாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 

ஒன்பதாம் நாள்.

ஹைவேயில் ஏறினேன். முன்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு லாரி. உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றி, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் அது தினமும் போகிற வண்டிதான். பிடரியில் வெயில். இடது பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் வளைவைப் பார்த்தது நினைவிருக்கிறது.

அடுத்து நினைவிருப்பது வாடை. தோல் மண்டிக்குள் தலையை விட்ட மாதிரி உப்பும் அழுகலும் கலந்த வாடை மூக்கில் அறைந்தது. கண் விழிக்கும் முன்னால் என் மூக்கு விழித்துக்கொண்டது. கண்ணாடி முழுக்கத் தார்ப்பாய். அதில் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சு வரை தெரிந்தது.

இரண்டு காலும் தாமாக இறங்கின. வண்டி கத்திக்கொண்டு நின்றது. இடது அடிவயிற்றில் யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுத்த மாதிரி வலி. நடுவழியில் டிபன் டப்பாக்கள் உருண்டு வந்து என் சீட்டுக்குப் பின்னால் மோதின. ஒன்று திறந்து புளிச்சோறு கொட்டியது. லாரி ஒன்றும் தெரியாமல் முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

 அக்காதான் முதலில் வெடித்தார்.

"நாசமாப் போறவன்! பிரேக் லைட்டு கூட இல்லாம நடு ரோட்டுல நிறுத்தறான் பாரு! கண்ணு அவிஞ்சு போச்சா அவனுக்கு? நல்ல வேளை, நம்ம தம்பி இருந்தது. அந்தப் புது ஆளா இருந்திருந்தா இந்நேரம் நம்ம எல்லாருக்கும் மாலை போட்டிருப்பாங்க."

"ஆமாண்ணா, சரியான நேரத்துல அழுத்தின" என்றது ஒரு குரல். "வயிறு வலிக்குதாண்ணா?" என்றது இன்னொன்று. ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

லாரிக்காரன் நிறுத்தவே இல்லை. அவன் தன்பாட்டுக்கு ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தான். நான்தான் தூங்கிக்கொண்டே அவன் முதுகு வரை போனவன். அந்தக் கல்யாண மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தேன். நெடுந்தூரம் பின்னால் இருந்தது. இடையில் ரோட்டில் என்ன இருந்தது, யார் குறுக்கே வந்தார்கள், எனக்குத் தெரியாது.

வண்டியை எடுத்தேன். அவர்கள் கொடுத்த பேரை வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடலாம் என்றுதான் எடுத்தேன். அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை. கொஞ்ச தூரம் போனேன். கண்ணாடியில் பார்த்தால், நடுவழியில் ஒரு பெண் குந்தி, சிந்திய புளிச்சோற்றைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல். எனக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது என்று.

ஒரு டீக்கடை ஓரம் வந்தது. இண்டிகேட்டர் போட்டு ஒதுக்கி நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். சாவியை எடுத்தேன்.

"இன்னா தம்பி, டயரா?" என்றார் அக்கா.

எழுந்து நின்று அவர்கள் பக்கம் திரும்பினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"லாரிக்காரன் மேல தப்பு இல்லக்கா. நான் தூங்கிட்டேன்."

யாருக்கும் புரியவில்லை.

"வண்டி ஓட்டிக்கினே தூங்கிட்டேன். இன்னைக்கு மட்டும் இல்ல. அன்னைக்கு ஸ்டாப்பு தாண்டினதும் அதான். டாக்டர்கிட்ட பஸ்ஸு ஓட்டறேன்னு சொல்லல. என்னால இதுக்கு மேல ஓட்ட முடியாது."

பின்னாலிருந்து ஒருத்தி எழுந்தாள். "மணி ஏழு நாப்பதுண்ணா. எட்டு அஞ்சுக்கு கேட்டு மூடிருவாங்க. ஆறு கிலோமீட்டர்தான். மெதுவா போ, நாங்க பேசிக்கினே வர்றோம்."

"ஆமாண்ணா, பாட்டு வேணா பாடறோம்."

"இன்னைக்கு லேட்டானா அரை நாள் லீவு போட்ருவாங்கண்ணா."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒன்பது நாள் கேட்காத சத்தம். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பில் தெம்பு வந்த மாதிரி இருந்தது. ஆறு கிலோமீட்டர்தானே என்று எனக்கும் தோன்றியது. எழுபது என்று காட்டும் பேட்டரி. போனை எடுத்து இன்சார்ஜைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாய்யா பேஜார் பண்ற? ஆறு கிலோமீட்டர்! மூஞ்சி கழுவிக்கினு ஓட்டியா. இங்க தையல் லைன் நிக்கும்."

அவர் குரல் ஸ்பீக்கர் போடாமலேயே முதல் சீட்டு வரை கேட்டது. அக்கா எழுந்தார். என் இடது கையிலிருந்த சாவியை எடுத்துத் தன் டிபன் பையில், சோற்று டப்பாவுக்கும் குழம்பு டப்பாவுக்கும் நடுவில் போட்டு ஜிப்பை இழுத்தார். வலது கையிலிருந்த போனையும் வாங்கிக்கொண்டார்.

"சார், நான் செக்கிங் டேபிள் பேசறேன். சாவி என்கிட்ட இருக்கு. வேற டிரைவர் வர்ற வரைக்கும் தர மாட்டேன். லைன் நின்னா நிக்கட்டும். நாப்பத்திரண்டு பேர் மொத்தமா நின்னுட்டா எந்த லைனை வெச்சு ஓட்டுவீங்க?"

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழெட்டுப் பேர் இறங்கி டவுன் பஸ்ஸுக்குக் கை காட்டினார்கள். அது நிற்காமல் போய்விட்டது. மற்றவர்கள் நிழல் பார்த்து நின்றார்கள். என்னை யாரும் திட்டவில்லை. பேசவும் இல்லை. அது எனக்காகப் பேசாத ஒன்பது நாள் மாதிரி இல்லை, நன்றாகத் தெரிந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். மணி எட்டு அடித்தபோது அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஐந்துக்கு இன்னொரு முறை பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த லாரிக்காரனை நான் அவ்ளோ திட்டினேனே. கேட்டுக்கினு வண்டி எடுத்த பாரு."

"தப்புதான்கா."

"தூக்கம் வர்றது தப்பு இல்ல. அறுத்த ஒடம்பு, வரத்தான் செய்யும். நாங்க வாயை மூடினா உனக்கு ஆவாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? எங்களை மூணு நாள் வாயை மூட வெச்சாலே வயிறு வீங்கிடும். ஒன்பது நாள் உனக்காக வீங்கிக்கினு வந்தோம், நீ சாவறதுக்கு வழி பண்ணிக்கினு."

சொல்லிவிட்டு எழுந்துபோய் ரோட்டைப் பார்த்து நின்றார். 

எட்டேகாலுக்கு இன்னொரு டிரைவர் ஆட்டோவில் வந்தார். அக்கா பையைத் திறந்து சாவியைக் கொடுத்தார். அதில் குழம்பு ஒட்டியிருந்தது.

அன்று மத்தியானமே மனைவியோடு வேலூருக்குப் போனேன். "ஐம்பது பேர் உட்கார்ற பஸ் ஓட்டறேன் மேடம்" என்று உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். தையலை அழுத்திப் பார்த்தார். உள்தையல் விடவில்லை, தப்பித்தீர்கள் என்றார். இன்னும் ஐந்து வாரம், அதற்குப் பிறகும் தான் பார்த்துச் சொன்னால்தான் வண்டி எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை இன்சார்ஜிடம் கொடுத்தபோது, அவர் வாங்கி மேஜைமேல் போட்டார். "உன் இடத்துக்கு நான் உத்தரவாதம் இல்ல" என்றார். ஐந்து வாரமும் அந்த வார்த்தையோடுதான் படுத்திருந்தேன்.

மறுபடி கூப்பிட்டார்கள். நான் நல்ல டிரைவர் என்பதால் இல்லை. புது ஆளின் வேகத்தைப் பற்றி நாற்பத்திரண்டு கையெழுத்தோடு ஒரு மனு போயிருந்தது. முதல் கையெழுத்து யாருடையது என்று இன்சார்ஜ் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆண்டு விழாவில் அக்காவுக்குக் குடம் இல்லை. அதை அவர் மறக்கவில்லை, என்னை மறக்கவிடவும் இல்லை. தினமும் காலையில் ஒரு காலைப் படியில் வைத்து, மறு காலைத் தரையிலேயே ஊன்றிக்கொண்டு, வண்டிக்குள் ஏறாமல் கேட்பார்.

"நேத்து எத்தினி மணிக்குப் படுத்த?"

"ஒன்பதரைக்கா."

"எழுந்தது?"

"அஞ்சு."

அதற்குப் பிறகுதான் மறு காலை எடுத்து வைப்பார். போன மாதம் ஒருநாள், "தூக்கம் சரியில்லக்கா, கொசு. அஞ்சு மணி நேரம் இருக்கும்" என்றேன். ஊன்றிய காலை அவர் எடுக்கவில்லை. பின்னால் நாலு பேர் ஏறக் காத்திருந்தார்கள்.

"கண்ணு எரியுதா?"

"இல்ல."

"எழுபதா, அஞ்சா?" என் மனைவி சொன்னதை நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"நிஜமாவே எழுபதுக்கா."

என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறினார். தன் சீட்டுக்குப் போகாமல் எஞ்சின் பெட்டி மேல், என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"சரி கேளு. பத்துக் கொடம் இருக்குது இல்ல, அதுல மூணாவது கொடத்தை எங்க நாத்தனா இன்னா பண்ணா தெரியுமா?"

ஆம்பூர் வரைக்கும் அவர் வாய் மூடவில்லை. மூணாவது குடம் மட்டும்தான் முடிந்திருந்தது.